ட்யூப் லைட்டில் பார்த்த பச்சை

பினாங்கில் என் இரத்த அழுத்தத்துக்கு மருந்து எழுதும் டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. அந்தத் தடவை மாத்திரைச் சீட்டோடு ஒரு வேலையும் சேர்த்துக் கொடுத்தார். சாப்பிடும்போது சாப்பிடு, நடக்கும்போது நட, கண்ணும் காதும் மூக்கும் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கின்றன, ஒரு நாளைக்குக் கால் மணி நேரமாவது அவற்றை வேலை வாங்கு என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. துணி வாங்கி விற்கும் கம்பெனியில் இருபது வருடமாகக் கொள்முதல் செய்கிறவன் நான். துணியைத் தொடுவதும் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. அதைச் சொன்னேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தபடி, "நீ வந்ததிலிருந்து ஆறு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டாய்" என்றார்.

அந்த ரோஷத்தோடுதான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம், திருப்பூரில் போய் இறங்கினேன். கம்பெனிக்குச் சொன்ன காரணம் புது ஆர்டர். எனக்கே சொல்லிக்கொள்ளாத காரணம் ஒன்றும் இருந்தது.

முதலில் வந்தது நெடி. ஈரப் பருத்தியும் பிளீச்சிங் பவுடரும் கலந்த நெடி, ரயில் நிற்பதற்குள் பெட்டிக்குள் ஏறிக்கொண்டது. பிறகு சத்தம். எந்தச் சந்தில் திரும்பினாலும் ஏதோ ஒரு சுவருக்குப் பின்னால் நிட்டிங் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் கடல் இரைச்சல் எப்படியோ இங்கே அது அப்படி. ஆட்டோ ஓட்டியவரிடம், "இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"எந்தச் சத்தமுங்க?" என்றார் அவர்.

நொய்யல் பாலத்தில் ஆட்டோ நெரிசலில் மாட்டிக்கொண்டது. டாக்டர் சொன்னபடி ஆற்றைப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். ஒரு கரையோரம் ஊதாவாகவும் மறுகரையோரம் கருஞ்சிவப்பாகவும் போய்க்கொண்டிருந்தது தண்ணீர். "நேத்து மஞ்சளாப் போச்சுங்க" என்றார் ஆட்டோக்காரர். "வெளிநாட்டுக்காரன் இந்த சீசன்ல எந்தக் கலர் கேக்கறான்னு இங்க நின்னு பாத்தாவே போதுமுங்க." கரையில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. அந்தத் தண்ணீரில் எதைப் பிடிக்க நின்றது என்று எனக்கு விளங்கவில்லை. வண்டி நகர்ந்து பாலத்தைத் தாண்டிய பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

லாட்ஜ் குழாயில் வந்த தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. உடம்பெல்லாம் பிசுபிசுப்போடு மதியம் ஒரு மெஸ்ஸுக்குப் போனேன். அரிசிம்பருப்புச் சோறு, மேலே ஒரு கரண்டி நெய், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். நல்ல ருசி. பினாங்கில் நாலு குழம்பைக் கலந்து ஊற்றிப் பழகிய நாக்குக்கு இந்த ஒற்றைச் சோறு சாதுவாக இருந்தது. மெதுவாக மென்று, சீரகத்தைத் தனியாகவும் பூண்டைத் தனியாகவும் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். பின் மேசையில் இரண்டு வடக்கத்தியார் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அது இவ்வளவுதான்: "இங்கே மழை எப்போது வரும்?" "வந்தால் உனக்கு என்ன? நாம்தான் உள்ளே இருக்கிறோமே."

என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர் பாட்டில் பச்சை நிற டி-ஷர்ட் போட்டிருந்தார். மூன்றே நிமிடத்தில் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தார். மெஸ்ஸுக்குள் பகலிலும் ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அது நல்ல சட்டை. அவர் படியிறங்கி வெயிலில் கால் வைத்ததும் சட்டை இரண்டாகிவிட்டது. உடம்பு ஒரு பச்சை, கைகள் வேறொரு பச்சை. உடம்பில் நீலம் தூக்கியது, கையில் மஞ்சள் தூக்கியது. இரவல் வாங்கி மாட்டிய கைகள் போல இருந்தன.

என் வாயில் இருந்த சோறு அப்படியே நின்றது. அது நான் பாஸ் செய்த சட்டை.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு, ஓர் ஐப்பசி மாலை. மூன்று நாள் அடைமழை. பொன்னுசாமி என்பவரின் பனியன் கம்பெனியில் எங்கள் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. பச்சைத் துணி ஒரே லாட்டில் போதவில்லை. உடம்புக்கு ஒரு லாட், கைக்கு இன்னொரு லாட் என்று தனித்தனியாகச் சாயம் போட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே ஷேடாக இருந்தால்தான் வெட்டலாம். அங்கே டையிங் மாஸ்டர் இஸ்மாயில். என் வயதுதான் இருக்கும். ஷேடு பார்ப்பதில் அவருக்கென்று சில பழக்கங்கள் உண்டு. பத்து மணிக்கு முன்னும் மூன்று மணிக்குப் பின்னும் பார்க்க மாட்டார். சிவப்புத் துணியைப் பார்த்த கையோடு வேறு துணியைப் பார்க்க மாட்டார். வடக்குப் பக்கத்து மாடியில் பூசாத சிமெண்டுச் சுவர் ஒன்று இருந்தது. அதன் சாம்பல் நிறத்தைக் கொஞ்ச நேரம் வெறித்துவிட்டுத்தான் துணிப் பக்கம் திரும்புவார். அதற்குப் பெயர் கண் கழுவுவது.

அன்று நான் அவசரப்படுத்தியதால் அவர் இரண்டு லாட்டிலும் நாலு விரல் அகலத்துக்குத் துண்டு வெட்டிக்கொண்டு வந்து என் முன்னால் ட்யூப் லைட்டுக்கு அடியில் பிடித்தார். "காலைல வெளிச்சம் வரட்டுமுங்க சார். இந்த லைட்டுல எல்லாமே ஒண்ணாத்தான் தெரியும்" என்றார். எனக்கு மெட்ராஸ் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பெட்டி வாசலில் நின்றது. "ஓகே மாஸ்டர், வெட்டச் சொல்லுங்கள்" என்றேன். வாங்க வந்தவர் லாட் அட்டையில் பேனாவால் ஓகே எழுதிக் கையெழுத்துப் போடுவது அங்கே வழக்கம். அதற்கும் நான் நிற்கவில்லை. வாயால் சொன்னதோடு சரி. கடைசியில் அட்டையில் இருந்தது மாஸ்டர் கையெழுத்து மட்டும்.

துறைமுகத்தில் எங்கள் கம்பெனியின் வேறொரு ஆள் பெட்டியைப் பிரித்து வெயிலில் ஒரு சட்டையை உதறியதும் தெரிந்துவிட்டது. முழுச் சரக்கும் திருப்பூருக்கே திரும்பிப் போனது. "உங்கள் ஆள் ஓகே சொன்னாராமே?" என்று பொன்னுசாமி எங்கள் கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்பிக் கேட்டார். நினைவில்லை என்று பதில் போட்டேன். அந்த ஒரு வார்த்தையை எழுதும்போது எனக்கு எல்லாம் நினைவிருந்தது. மாஸ்டரின் நகக்கண்களில் ஏறியிருந்த பச்சைக்கறை வரைக்கும்.

திரும்பி வந்த சட்டைகள் செகண்ட்ஸ் என்று உள்ளூர்த் தெருக்களில் விலைபோயிருக்கின்றன. மெஸ்ஸில் சாப்பிட்ட அன்று மாலை லாட்ஜுக்குத் திரும்புவதற்குள் எட்டுப் பேரைப் பார்த்தேன். டீ ஆற்றுகிறவர், சைக்கிளில் நூல் மூட்டை தள்ளுகிறவர், பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவர். ஐம்புலனையும் திறந்து வை என்று டாக்டர் சொன்னார். திறந்து வைத்த கண்ணில் ஊரெல்லாம் என் தப்பு நடந்து போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் பொன்னுசாமியின் கம்பெனிக்குப் போனேன். விவசாயக் குடும்பம். தோட்டத்தை வைத்துக்கொண்டே கம்பெனி நடத்துகிறவர். வெள்ளை வேட்டியோடு வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சார், வாங்க. ஏனுங்க, இப்படி எளச்சுப் போயிட்டீங்க? மொதல்ல மோரு குடிங்க." பழைய சங்கடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மரியாதை என்னை இன்னும் கூசவைத்தது.

மாடிக்குக் கூட்டிப்போனார். வடக்குப் பக்கத்தில் அந்தச் சிமெண்டுச் சுவரைக் காணோம். அதை மறைத்து ஒரு ஏசி அறை கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு கம்ப்யூட்டர். துணித் துண்டை ஒரு கருவியில் வைத்தால் ஷேடு எவ்வளவு விலகியிருக்கிறது என்று எண்ணில் சொல்லிவிடுமாம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம்.

"இஸ்மாயில் மாஸ்டர் எங்கே?" என்று கேட்டேன். என் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"அவருக்குக் கண்ணு போச்சுங்க சார்" என்றார் பொன்னுசாமி. "அந்தப் பச்சைல தெரிஞ்சு போச்சு. நல்ல மனுசன். என்ன பண்றதுங்க, வயசானாக் கண்ணு முன்னப் பின்ன ஆகும். நீங்க ஓகே சொன்னதா வேற சொல்லிட்டிருந்தாரு பாவம்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். அவரும் உற்சாகமாகப் பதில் சொன்னார். மதியம் அவர் வீட்டில் எனக்குக் கோழிக்குழம்பு போட்டார்கள். எதன் ருசியும் எனக்குத் தெரியவில்லை. டாக்டரின் கால் மணி நேரப் பயிற்சியை அன்று நான் செய்யவில்லை.

மூன்றாம் நாள் பல்லடம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி அருள்புரத்தில் இறங்கினேன். மாஸ்டர் கடைசியாக அங்கே ஒரு சாயப்பட்டறையில் இருந்தார் என்று பொன்னுசாமியின் டிரைவர் சொல்லியிருந்தார். பட்டறைக்குள் ஆவி முட்டியது. கண் எரிந்தது. மேனேஜர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஸ்டூலைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

"இஸ்மாயில் பாயா? தங்கமான மனுசம்லா அண்ணாச்சி. தொழில் அத்துப்படி. உப்பு எவ்வளவு, சோடா எவ்வளவுன்னு நாக்குல வச்சே சொல்லுவாரு. ஆனா ஷேடு பாக்கணும்னு வந்தா மட்டும் தன் கண்ண நம்ப மாட்டாரு. ஒவ்வொரு லாட்டுக்கும் என்னையக் கூப்பிடுவாரு, வாட்ச்மேனக் கூப்பிடுவாரு, டீ கொண்டு வார ஆளக் கூப்பிடுவாரு. 'ஒண்ணாத்தான் தெரியுதா, ஒண்ணாத்தான் தெரியுதா?' எல்லாரும் ஆமான்னாலும் அவருக்கு ஒறக்கம் வராது. மாஸ்டரே இப்படிக் கேட்டா பட்டறை எப்படி அண்ணாச்சி ஓடும்? அவரா நின்னுட்டாரு. காங்கேயத்துல ஏதோ தேங்காக் களத்துல இருக்காருன்னு சொன்னாவ."

திரும்பும்போது பஸ் பஞ்சர். எல்லோரையும் இறக்கி ரோட்டோரம் வேலமரத்து அரைநிழலில் நிறுத்திவிட்டார்கள். ஒருவரும் கோபப்படவில்லை. எங்கள் ஊராக இருந்தால் பத்துப் பேர் கடிகாரத்தைப் பார்த்திருப்பார்கள். அதில் முதல் ஆள் நானாக இருந்திருப்பேன். பஸ் கிளீனர் குனிந்து நட்டைத் திருகினார். அவர் போட்டிருந்ததும் அந்தப் பச்சைதான். நல்ல உச்சி வெயில். முக்கால் மணி நேரம் அந்தக் கையையும் அந்த முதுகையும் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கும் பார்க்க முடியவில்லை. டயர் மாட்டி முடித்தபோது எனக்கு ஒரு விஷயம் தெளிவாகியிருந்தது. இந்தத் தடவையும் சொல்லாமல் ரயிலேறினால் பிறகு எந்த ஊரிலும் எதையும் என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியாது.

நேரே கம்பெனிக்குப் போனேன். பொன்னுசாமி கட்டிங் மேசை அருகே நின்றிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். அன்று ஓகே சொன்னது நான்தான், மாஸ்டர் காலையில் பார்க்கலாம் என்று சொன்னார், ரயில் அவசரத்தில் நான் துணியைப் பார்க்கவே இல்லை, நினைவில்லை என்று எழுதியது பொய்.

அவர் மேசைமேல் கிடந்த கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"இந்த எடத்துல வச்சுத்தானுங்க சார் கேட்டேன்" என்றார் கடைசியில். "நாப்பது பேரு முன்னால. 'அது கண்ணா புண்ணா'ன்னு கேட்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலீங்க அந்த மனுசன். கும்பிட்டுட்டுப் போயிட்டாரு."

"என்னால்தான்."

"உங்களால பாதிங்க. நீங்க சொன்னா அவுரு எதுக்கு வெட்டச் சொல்லணும்? அவுரு மாஸ்டர்." பெருமூச்சு விட்டார். "அந்தக் கம்ப்யூட்டர் நம்பரைச் சொல்லுமுங்க. நம்பரு சரியா இருந்தும் துணி சரியில்லாம போகுது. பக்கத்துல ஒரு கண்ணு வேணும். நான் கூப்பிட்டா வரமாட்டாரு. நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. பழைய எடம் அவருக்கு இருக்குதுன்னு சொல்லுங்க."

அன்று சாயங்காலம் டீக்கு ருசி திரும்பியிருந்தது. இஞ்சி கொஞ்சம் தூக்கல். எல்லாம் சரியாகிவிடும் என்று அசட்டுத்தனமாக நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காங்கேயம். ஊருக்குள் பஸ் நுழையும் முன்பே தேங்காய் எண்ணெய் வாசனை ஜன்னல் வழியாக வந்துவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மடியில் ஒரு கூடைக் கோழிக்குஞ்சை வைத்துக்கொண்டு வழியெல்லாம் என்னை விசாரித்தார். மலேசியா என்றதும், "அங்கியும் வெயிலுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப எதுக்குங்க அத்தனை தூரம் போனீங்க?" என்றார். என் தாத்தாவைக் கேட்க வேண்டிய கேள்வி.

களம் ஊருக்கு வெளியே இருந்தது. கண் கூசும் சிமெண்டுத் தரை முழுக்கத் தேங்காயை உடைத்துக் காயப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதன் கீழே சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார் இஸ்மாயில் மாஸ்டர். லுங்கி, வெள்ளைப் பனியன், தாடி நன்றாக நரைத்துவிட்டது. காய்ந்த கொப்பரையை ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்து ஒரு விளிம்பை ஒடித்தார். முகர்ந்தார். பிறகு இடப்பக்கமோ வலப்பக்கமோ போட்டார். இத்தனைக்கும் அவர் கண் மூடியிருந்தது.

"மாஸ்டர்" என்றேன்.

கை நின்றது. கண்ணைத் திறக்கவில்லை. "மலேசியா சாருங்களா?" என்றார். பிறகுதான் திறந்து பார்த்தார். எழுந்து, கையை லுங்கியில் துடைத்துவிட்டு, எனக்கு ஒரு சாக்கை மடித்துப் போட்டார். அந்தக் கண்களில் குற்றம் சாட்டும் பார்வை எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நல்லாக் காஞ்சதுன்னா டக்குனு ஒடையுமுங்க" என்றார் உட்கார்ந்ததும், நான் கேட்காமலே. "ஈரம் இருந்தா மொனகும். பூசணம் புடிச்சிருந்தா மூக்குல தெரிஞ்சுரும். இதுக்குக் கண்ணு வேண்டியதில்லீங்க. அதுனாலதான் இந்த வேலைக்கு வந்தேன்."

"கண்ணுக்கு என்ன மாஸ்டர்?"

"ஒண்ணுமில்லீங்க. கோயமுத்தூருல பெரிய ஆஸ்பத்திரில காட்டினேன். கடைசி வரி வரைக்கும் படிச்சேன். புள்ளி வச்ச புஸ்தகத்துல கலர் நம்பரெல்லாம் சொன்னேன். நல்ல கண்ணுன்னு எழுதியே குடுத்தாங்க." ஒரு கொப்பரையை ஒடித்தார். "கண்ணு நல்லதுதானுங்க. ஆனா அது என்ர பேச்சைக் கேக்கறதில்லை. அன்னைக்கு நீங்க ரயிலுக்குப் போனீங்களா, மறுநாள் காலைல பத்து மணிக்கு நான் மாடிக்கு எடுத்துட்டுப் போய்ப் பாத்தனுங்க. மழை விட்டிருந்துச்சு. ரெண்டும் வேற வேறயாத்தான் தெரிஞ்சுது. அடடா, சார் ஓகேன்னு சொல்லிட்டாரேன்னு நெனச்சேன். மறுக்காப் பாத்தேன். கண்ணைக் கழுவிட்டுப் பாத்தேன். நீங்க இருவது வருசமாப் பாக்கறவரு, பத்து நாட்டுத் துணி பாத்தவரு, உங்களுக்கு ஒண்ணாத் தெரிஞ்சது எனக்கு எப்படி ரெண்டாத் தெரியும்? இப்படி நெனச்சு நெனச்சுப் பாக்கப் பாக்க, சார், சத்தியமாச் சொல்றேன், ஒண்ணாயிப் போச்சுங்க. என்ர கண்ணு முன்னாலயே ரெண்டு பச்சையும் ஒண்ணாச்சு. கையெழுத்துப் போட்டேன்."

நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். பிடிக்கவில்லை.

"சரக்குத் திரும்பி வந்தப்ப மறுக்காப் பாத்தேன். யானையாட்டம் வித்தியாசம். அப்பத் தெரிஞ்சு போச்சுங்க. இந்தக் கண்ணு சொன்னதைப் பாக்குது, இருக்கறதைப் பாக்கலை. இத வச்சுட்டு எப்படி மாஸ்டர் வேலை பாக்கறது?"

"மாஸ்டர், நான் அன்றைக்குத் துணியைப் பார்க்கவில்லை."

"சரியாப் பாக்கலைங்களா?"

"சரியாக இல்லை. பார்க்கவே இல்லை. நீங்கள் பிடித்துக் காட்டினீர்கள். நான் வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், ஓகே என்றேன். பிறகு நினைவில்லை என்று எழுதினேன். அதுவும் பொய்."

அவர் கையில் இருந்த கொப்பரை ஒடிந்தது. அதை அவர் காதில் வைத்துக் கேட்கவில்லை, முகரவில்லை. வலப்பக்கம் போட்டுவிட்டார். கொஞ்சம் பொறுத்து அதை எடுத்து இடப்பக்கம் போட்டார்.

"பாக்கவே இல்லீங்களா?" என்றார் மறுபடியும், மிக மெதுவாக. "நான் உங்க பார்வைக்குன்னு நெனச்சுல்லீங்க என்ர கண்ணை வளைச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன். களத்தில் கொப்பரை புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். மாஸ்டர் ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். உப்பில்லாத நல்ல தண்ணீர். பொன்னுசாமி சொன்னதைச் சொன்னேன். பழைய இடம் இருக்கிறது, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு கண் வேண்டுமாம். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "எதுக்கும் ஊட்டுக்கு வாங்க சார். மொதல்ல அவகிட்ட இதைச் சொல்லுங்க" என்றார்.

களத்துக்குப் பின்னாலேயே ஓட்டு வீடு. அவர் மனைவி ஜரீனா வாசலில் தையல் மிஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். "சாரு சாப்பிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். நான் இரண்டாம் முறையாக அன்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மிஷின் சக்கரத்தில் கை வைத்தபடி கேட்டார்.

"ஒரு வருசத்துக்கு மேலாச்சுங்க" என்றார். "ரோட்டைத் தாண்டறப்ப இவரு கையைப் புடிச்சுட்டுப் போறேன். அரிசில கல்லு பாக்க விடறதில்லை. நூலுக்குக் கலர் பாக்க இவரு மாட்டேங்கறாரு, பக்கத்து ஊட்டுப் புள்ளையக் கூப்புடறேன். டையிங் மாஸ்டர் பொண்டாட்டி நானு." என்னை அவர் திட்டவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. விருட்டென்று உள்ளே போய், ஒரு ஜாக்கெட் துணியும் மூன்று நூல் ரீலும் கொண்டு வந்து கணவரின் கையில் திணித்தார். "பாருங்க. இப்பப் பாருங்க. சார் பாக்கவே இல்லையாமே, உங்களுக்கென்ன இன்னும்?"

பாக்கு நிறத் துணி. மூன்று நூலும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தன. மாஸ்டர் தயங்கினார். பிறகு எழுந்து வீட்டின் வடக்குப் பக்கம் போனார். மணி பதினொன்று இருக்கும். அங்கே பூசாத சுவர் ஒன்று இருந்தது. அதன் முன்னால் நின்று அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்தார். எத்தனை மாதமாகவோ அவர் கண்ணைக் கழுவவில்லை என்பது அவர் நின்ற விதத்தில் தெரிந்தது. திரும்பினார். ஒரே பார்வை. நடுவில் இருந்த ரீலை எடுத்து நூலை இழுத்துத் துணிமேல் வைத்தார். நூல் துணிக்குள் காணாமல் போயிற்று.

ஜரீனா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். எனக்குக் கை தட்டத் தோன்றியது.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "சரிதானுங்களா சார்?" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். வாழ்க்கையில் எதையும் அப்படிப் பார்த்ததில்லை. நூலின் முறுக்கும், துணியின் இழையும், அவர் நகத்தில் இன்னும் மிச்சமிருந்த பழைய கறையும் தெரிந்தன. வெயில் பிடரியில் சுட்டது. களத்திலிருந்து கொப்பரை வாசனை வந்தது. நூல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மற்ற இரண்டையும் வைத்துப் பார்த்தேன். அவை தனியாகத் தெரிந்தன. திரும்ப முதல் நூலைப் பார்த்தேன்.

"சரிதான் மாஸ்டர். அப்படியே பொருந்துகிறது."

நான் நிமிர்ந்தபோது அவர் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இவ்வளவு நேரமும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இப்போதுதான் துணிக்குக் குனிந்தார். தலையை ஆட்டினார்.

"ஆமாங்க" என்றார். "நீங்க சொன்னப்பறந்தானுங்க சரியாத் தெரியுது."

ரீலை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் களத்துக்கு, கண் வேண்டாத அந்தக் கொப்பரை வேலைக்கே திரும்பிப் போனார். ஜரீனா வெகுநேரம் அங்கேயே நின்றார். அப்புறம் என் கையிலிருந்து நூலை வாங்கி, யாரையும் கூப்பிட்டுக் கேட்காமல், ஊசியில் கோத்தார்.